மார்பில் தைத்த கிண்ணம்

குருமாரின் உடை வெறும் துணியே என்பாரோடு நாம் உடன்படுவதில்லை. 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் பேராலயத்தில் யான் ஹுஸுக்குப் பூசை உடைகளை அணிவித்து, கையில் கிண்ணத்தையும் கொடுத்தார்கள். பின்னர் கிண்ணத்தைப் பறித்து, உடைகளை ஒவ்வொன்றாகக் களைந்து, பேய்கள் வரைந்த காகிதக் குல்லாயைச் சூட்டி எரிக்க அனுப்பினார்கள். பொருளற்ற துணிக்கா இத்தனை சடங்கு?

1920 ஜனவரி 8 அன்று பிராகாவில் செக்கோஸ்லோவாக்கியத் திருச்சபை பிறந்தது. குடியரசுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. தாய்மொழியில் வழிபாடும் குருமாருக்கு மணவாழ்வும் கேட்டு, ரோமாபுரியால் மறுக்கப்பட்ட கத்தோலிக்கக் குருமாரே அதை நிறுவினர். அதன் குருமார் அணிவது கறுப்பு அங்கி. மார்பில் சிவப்புக் கிண்ணம்.

அக்கிண்ணத்தின் பொருள் என்ன? நற்கருணையில் அப்பம் மட்டுமே பாமரருக்கு, திராட்சை இரசமோ குருவுக்கு மட்டும் என்றிருந்த வழக்கத்தை 1414இல் பிராகாவில் உடைத்தார்கள். கிண்ணம் எல்லோர் கைக்கும் வந்தது. அது சமத்துவத்தின் சின்னம். 19ஆம் நூற்றாண்டின் தேசிய எழுச்சியோ அதைச் செக் இனத்தின் இலச்சினையாக்கிக்கொண்டது.

நம் வழக்கு இங்கேதான். பெயரில் ஸ்லோவாக்கியரும் இருந்தனர். மார்பில் இருந்ததோ செக்கியரின் வரலாறு. கத்தோலிக்கராகவும் லூத்தரன்களாகவும் வாழ்ந்த ஸ்லோவாக்கியர் பெரும்பாலும் வரவில்லை. 1921 கணக்கெடுப்பில் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திருச்சபையினர். 2011இல் 40 ஆயிரம்கூட இல்லை. பொதுவுடைமை ஆட்சியின் நெருக்கடிக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆயினும் தேசத்துக்காகக் கோயிலுக்கு வந்தவர், தேசம் கைக்கு வந்தபின் கோயிலில் ஏன் நிற்க வேண்டும்? 1993இல் அந்நாடே இரண்டானது. பெயர் மட்டும் இன்றும் திருச்சபையின் நெற்றியில் இருக்கிறது.

தேசமற்ற திருச்சபை வேரற்றது என்பர் சிலர். வேர் என்பது மக்களின் மொழியில் வழிபடுவது. அதை நாமும் போற்றுகிறோம். இலச்சினை வேராகாது.

1947இல் இதே திருச்சபை பெண்களைக் குருத்துவத்தில் அமர்த்தத் தொடங்கியது. அதே கறுப்பு அங்கி, அதே சிவப்புக் கிண்ணம். விலக்கி வைக்கப்பட்டோர் கையில் மீண்டும் கிண்ணம் வந்தது. 1414இன் உண்மையான வாரிசு அந்த அங்கிதான். கொடியாகத் தைக்கப்பட்டது அன்று. கிண்ணம் அணிவதற்கல்ல, பகிர்வதற்கே என்கிறோம்.