வெட்டி எறிந்த மூன்று பத்திகள்

போன மாதம் எங்கள் போடிநாயக்கனூர் மலையைப் பற்றிய என் கட்டுரையோடு ஒரு பயண இதழ் தபாலில் வந்தது. பிரித்த கையோடு அம்மாவிடம்தான் கொடுத்தேன். அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பாள். கட்டுரையின் ஆறு பக்கத்தையும் புரட்டினாள். பனிமூட்டம், பச்சை இலை, சூரிய உதயம், ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பை. திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள். "படமெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. மலையில ஒரு ஆளக்கூடக் காணோமே? நம்ம ஆளுக எல்லாம் எங்க போனாக?" என்று கேட்டாள்.

நான் என்ன சொல்வேன்? கட்டுரைக்கு மேலே என் பெயர் அச்சாகியிருக்கிறது. முப்பது வருஷம் ஏலக்காய் எடுத்த ஒருத்தியின் மகள் எழுதியது என்று கீழே குறிப்பு வேறு. அந்தத் தாயே தேடியும் அவளை அதில் காண முடியவில்லை.

நான் இதழ்க்காரர்களிடம் போய் நிற்கவில்லை. அவர்கள்தான் கேட்டு வந்தார்கள். "உள்ளூர்க்காரங்க எழுதினாத்தான் மேடம் உயிர் இருக்கும்" என்றார்கள். நம்பினேன். இரண்டு மாதம் மலைக்கும் வீட்டுக்குமாக அலைந்து எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று பத்திகளை வெட்டிவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மூன்றைச் சொல்லத்தான் நான் பேனாவையே எடுத்தேன்.

முதல் பத்தி, காய் எடுக்கிறவர்களைப் பற்றியது. போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே தூக்குச்சட்டியோடு பெண்கள் தெருமுனையில் நிற்பார்கள். ஜீப் வரும். கொள்ளுகிற அளவுக்கு மேலே அடைத்துக்கொண்டு ஏறுவார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டிப் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்துத் தோட்டங்கள். ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கும். காய் மட்டும் உச்சியில் காய்க்காது. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில்தான் காய்க்கும். குனியாமல் ஒரு காயைப் பார்க்கவும் முடியாது, பறிக்கவும் முடியாது.

ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், விளைந்ததும் இருக்கும். விளைந்ததை மட்டும் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சில் கை வைத்தால் திட்டு விழும். முப்பது, நாற்பது நாள் கழித்து அதே செடிக்கு மறுபடி வந்து குனிய வேண்டும். மழைக்காலத்தில் அட்டை காலைக் கவ்வும். அம்மாவின் வலது கட்டைவிரல் நகத்தோரம் கறுத்துக் கிடக்கிறது. வேலையை விட்டுப் பல வருஷம் ஆகியும், புளி போட்டுத் தேய்த்தும் அந்தக் கறை போகவில்லை. ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஒரு கிலோ தேறும். அது மலையிலிருந்து இறங்கி, போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும். 8 மில்லிமீட்டர் காய்க்கு விலையே தனி. காயை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பார்க்கிற உலகம், அதை எடுத்த கையை ஒரு பத்தி அளவுக்குக்கூடப் பார்க்கக் கூடாதா?

அந்தப் பத்தி இருந்த இடத்தில் இதழில் இருப்பது ஒரே வரி: 'ஏலக்காய் மணம் வீசும் தென்றல் உங்களைத் தாலாட்டும்.'

இரண்டாவது பத்தி, மலைப்பாதையைப் பற்றியது. அதை வெட்டிவிட்டு, 'மனிதக் காலடி படாத மலை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருக்கிறார்கள். மனிதக் காலடி படாததா? முதுவர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் மலை ஐயா அது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு 1902-லேயே ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஓடியது. 1908-ல் அது சிறு ரயிலானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடி அடிவாரத்துக்கு இறங்கின. அங்கிருந்து போடிக்கு வந்தன. 1924-ல் வந்த பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது. இன்றைக்கும் ரயில் இல்லாத மலையில் டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று பெயர்கள் மட்டும் நிற்கின்றன. தண்டவாளம் போட்டதும், பெட்டி தூக்கியதும், காட்டைத் திருத்தித் தேயிலை நட்டதும் காலும் கையும் உள்ள மனிதர்கள்தான்.

கொழுக்குமலை எங்கள் போடி வட்டத்தில் இருக்கிறது. வண்டிப்பாதை மட்டும் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகப் போகிறது. நான் இதைத் தெளிவாக எழுதியிருந்தேன். இதழில் அது 'மூணாறின் மகுடம்' ஆகிவிட்டது. எங்கள் ஆட்களும் போனார்கள், ஊரின் பெயரும் போனது.

இவை இரண்டையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாவது பத்தியை வெட்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து அடிவாரத்துக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் இளவட்டங்கள். பெண்கள் நிறையப் பேர். மாசி முடிகிற நேரம். ஆளுயரப் புல் சருகாகக் காய்ந்து கிடந்தது. தீ வந்தது. சரிவில் தீ கீழே இறங்குவதைவிட மேலே ஏறுவதில்தான் வேகம் காட்டும். மேலே இருக்கிற புல்லைச் சூட்டிலேயே உலர்த்திக்கொண்டு பாயும். மேலே ஓடினால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறவனைத் துரத்திப் பிடிக்கும். அன்றைக்குப் பற்றிய தீ 23 உயிர்களைக் கொண்டுபோனது.

முதலில் ஓடியவர்கள் யார்? குரங்கணி, கொட்டகுடி ஆட்கள். இருட்டில், புகைக்குள், பாதை தெரிந்த கால்களை நம்பி ஏறினார்கள். போர்வையைக் கம்பில் கட்டித் தொட்டிலாக்கி, வெந்துபோன பிள்ளைகளைத் தோளில் சுமந்து இறக்கினார்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வந்தது பிறகுதான். 'மனிதக் காலடி படாத மலை' என்று அச்சடித்தீர்களே, அன்றைக்கு உங்கள் ஊர்ப் பிள்ளைகளைச் சுமந்து இறங்கியது எந்தக் காலடி?

அந்தப் பத்தியின் முடிவில் ஓர் எச்சரிக்கை எழுதியிருந்தேன். அதையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். வெட்டிய இடத்தில் ஒரு தங்குமிடத்தின் விளம்பரம் இருக்கிறது. அதற்கு மேலே, நான் எழுதாத ஒரு வரி: 'மார்ச், ஏப்ரலில் குரங்கணிப் பாதையில் நடப்பது தனிச் சுகம்.' என் பெயரில்! எங்கள் ஊர் ஆம்புலன்ஸ் சத்தத்தில் தூங்காமல் கிடந்த அந்த மாதத்தை, சுகம் என்று நான் சொன்னதாக அச்சடித்துவிட்டார்கள்.

தொலைபேசியில் கேட்டேன். "சந்தோஷமா ஊர் சுத்தப் போறவங்களுக்கு எதுக்கு மேடம் சாவுச் சேதி? நெகட்டிவா இருக்குல்ல" என்றார் மறுமுனையில் இருந்தவர். திருத்தம் போடுங்கள் என்று கெஞ்சினேன். அடுத்த இதழில் இடம் இல்லையாம். விளம்பரத்துக்கு இருந்த இடம் உயிருக்கு இல்லை.

சாவைச் சொல்லி யாரையும் பயமுறுத்த நான் எழுதவில்லை. வாருங்கள் என்றுதான் எழுதினேன். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் இல்லாமல் தவித்த ஊர் இது. 2023 ஜூன் 15 அன்று திரும்ப ரயில் வந்தபோது நாங்கள் பட்ட சந்தோஷம் கொஞ்சமல்ல. நீங்கள் வந்தால் எங்கள் டீக்கடையில் நாலு காசு புழங்கும், எங்கள் ஜீப்காரப் பையன்களுக்குப் பிழைப்பு நடக்கும். நீங்கள் முழுசாக வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பத்தியை எழுதினேன். தீக்குப் பிறகு 2018-லேயே மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வனத்துறையே தீக்காலத்தில் மலையேற்றப் பாதைகளை மூடி வைக்கிறது. அரசு மூடுகிற பாதையை ஓர் இதழ் என் பெயரில் திறந்துவிடுகிறது என்றால், நாளை அங்கே ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நான் யார் முகத்தில் விழிப்பேன்?

எனக்குப் பேசிய பணம் இன்னும் வரவில்லை. அது வராவிட்டாலும் போகட்டும். இதழ்க்காரர்களே, அந்தத் 'தனிச் சுகம்' வரியை மட்டும் திரும்பப் பெறுங்கள். என் பெயரை எடுத்துவிட்டாவது அச்சடியுங்கள்.

அவர்கள் வெட்டியதை இங்கே திரும்ப எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள்:

மாசி, பங்குனியில் குரங்கணி மலை ஏறாதீர்கள். மற்ற மாதங்களில் வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஏறாதீர்கள். உள்ளூர் ஆள் துணையில்லாமல் ஏறாதீர்கள். மலையில் பீடி, சிகரெட், தீக்குச்சி எதையும் பற்ற வைக்காதீர்கள். வழியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் நின்று நாலு வார்த்தை பேசுங்கள். மலையை அறிந்தவர்கள் அவர்கள்தான்.