எட்டில் பாதி ஏழரை

சுவிஸ் நாட்டுக்கு வந்து முதன்முதலாக வேலை கிடைத்த எம்மவர் ஒருவர், நாளைக் காலை "ஹல்ப் அக்ட்" மணிக்கு வரவேண்டும் என்று முதலாளி கூறியதைக் கேட்டு, எட்டரை மணிக்கு உணவகத்தின் பின்வாசலிலே போய் நின்றார். உள்ளே அவரை ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். "அக்ட்" என்றால் எட்டு, "ஹல்ப்" என்றால் அரை என்பது அவருக்கு நன்கு தெரிந்திருந்தது. தெரிந்த இரு சொற்களையும் தமிழ் முறைப்படி கூட்டியதுதான் பிழை.

இக்கதையை ஏதோவொரு வடிவத்திற் கேளாதவர் எம்மிடையே குறைவு. ஊர் மாறும், ஆள் மாறுவார். பிந்திய அந்த ஒரு மணி நேரம் மாத்திரம் மாறுவதில்லை. சிரித்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் நேரத்தையும் நாளையும் குறிக்கும் சொற்களில் ஏற்படும் இத்தகைய மயக்கம் வேலையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு ஒப்பந்தத்திலும், மேன்முறையீட்டுத் தவணையிலும், தஞ்சக் கோரிக்கை விசாரணையிலும் அது எம்மைத் தொடர்ந்து வருகின்றது. ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுத விழைகிறோம்.

தமிழ், முடிந்த மணியின் மேல் மிகுதியைக் கூட்டிச் சொல்லும் மொழி. ஏழு முடிந்து கால் கூடினால் ஏழேகால். அரை கூடினால் ஏழரை. முக்கால் கூடினால் ஏழேமுக்கால். யேர்மன் மொழியோ அரை மணியைச் சொல்லும்போது, ஓடிக்கொண்டிருக்கும் மணியின் பெயரைச் சொல்லி, அதிற் பாதி சென்றுவிட்டது என்கிறது. ஏழு அடித்த பின் ஓடுவது எட்டாவது மணி. அதிற் பாதி சென்றால் ஏழரை. இம்முறை எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஏழு வயது முடிந்த பிள்ளையை "எட்டு நடக்கிறது" என்று நாமே சொல்கிறோம் அல்லவா? யேர்மன் மொழி மணிக்கும் அவ்வாறே சொல்கிறது என்று கொண்டால் மயக்கம் தீரும். "ஃபுன்ஃப் வோர் ஹல்ப் அக்ட்" என்பது ஏழரைக்கு ஐந்து நிமிடம் முன், அதாவது 7.25.

இதே நாட்டில் லவுசானுக்கோ லுகானோவுக்கோ சென்றால் நிலைமை வேறு. பிரெஞ்சு மொழியும் இத்தாலிய மொழியும் தமிழைப் போலவே "ஏழும் அரையும்" என்று கூட்டிச் சொல்கின்றன. இலண்டனிலுள்ள உறவினரோ பேச்சு வழக்கில் "ஹாஃப் எயிட்" என்றால், அது எட்டரை. சூரிச்சிற் பிறந்த பிள்ளை யேர்மன் நினைவோடு அதனை ஏழரை என விளங்கிக்கொண்டால், விமான நிலையத்தில் ஒருவர் வீணே காத்து நிற்க நேரிடும்.

நாட்கணக்கிலும் இவ்வாறே. இரண்டு வாரங்களை யேர்மன் பேசுவோர் பதினான்கு நாட்கள் என்பர். பிரெஞ்சு பேசுவோர் பதினைந்து நாட்கள் என்பர். காலம் ஒன்றுதான், பின்னையவர் தொடங்கும் நாளையும் சேர்த்து எண்ணுகின்றனர். "இன் அக்ட் தாகன்" என்று யேர்மன் மொழியில் ஒருவர் கூறினால், சொல்லுக்குச் சொல் அது எட்டு நாள். வழக்கிலோ ஒரு வாரம். நாமும் எட்டுச் செலவையும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் இறந்த நாளையே முதலாம் நாளாகக் கொண்டுதான் எண்ணுகிறோம். எண்ணும் முறை எதுவும் தவறன்று. யாருடைய எண்ணிக்கை எந்நாளில் தொடங்குகிறது என்பதை அறியாதிருப்பதே தவறு.

சட்டம் எவ்வாறு எண்ணுகிறது? சுவிஸ் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின்படி, முடிவு எமக்குக் கிடைத்த நாள் கணக்கிற் சேராது. மறுநாளே முதலாம் நாள். இறுதி நாள் சனி, ஞாயிறு அல்லது விடுமுறை நாளில் வந்தால், தவணை அடுத்த வேலை நாளில் முடிகிறது. ஆனால் கடிதத்தை மொழிபெயர்த்துத் தரும் நண்பர் வாசித்த நாளிலிருந்து எண்ணக்கூடாது. பதிவுத் தபாலை எடுக்கச் செல்லாதிருந்தால் தவணை தொடங்காது என்று எண்ணுவோரும் உளர். அது பெரும் பிழை. தபாற்காரர் முதன்முறை கொண்டுவந்து திரும்பிச் சென்றதன் பின் ஏழாம் நாளில், அக்கடிதம் கிடைத்ததாகவே கொள்ளப்படும்.

2019 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள தஞ்சச் சட்டத்தில், விரைவு நடைமுறையில் நிராகரிக்கப்பட்டவர் மேன்முறையீடு செய்வதற்குரிய காலம் 7 வேலை நாட்கள். நீடித்த நடைமுறையில் 30 நாட்கள். முன்னையதில் "வேலை நாள்" என்றும் பின்னையதில் வெறுமனே "நாள்" என்றும் இருப்பதைக் கவனிக்க. முப்பது நாளில் சனியும் ஞாயிறும் அடங்கும். ஏனைய வழக்குகளில் கோடை காலத்திலும் நத்தார் காலத்திலும் தவணைகள் நின்று ஓடுவதுண்டு. தஞ்ச வழக்குகளுக்கு அச்சலுகை இல்லை.

"இத்திகதிக்குள்" என்ற சொல்லிலும் இரு பொருள் உண்டு. மேன்முறையீட்டை இறுதி நாளன்று சுவிஸ் தபாலகத்தில் ஒப்படைத்தாற் போதும். சென்ற் காலன் நீதிமன்றத்துக்கு அது மறுநாள் சேர்ந்தாலும் குற்றமில்லை. வீட்டை விடுவதாக எழுதும் கடிதத்துக்கோ இது பொருந்தாது. மூன்று மாத முன்னறிவித்தல் தொடங்குமுன் அக்கடிதம் வீட்டுக்காரர் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். மாத இறுதி நாளில் தபாலில் இட்டுவிட்டு நிம்மதியாக இருந்தவர், அடுத்த தவணை வரும்வரை இரண்டு வீட்டுக்கு வாடகை கட்ட நேரிடும்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது விசாரணை. கூற்றுக்கள் முக்கிய விடயங்களில் ஒன்றுக்கொன்று முரணாயின் அவற்றை நம்பத்தகாதவை எனக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. எமது பேச்சிலோ "முந்தநாள்" என்பது சில வேளை நேற்றைக்கு முதல்நாள். சில வேளை அண்மையில் ஒருநாள். "பின்னேரம்" என்பதை ஒரு மொழிபெயர்ப்பாளர் பிற்பகல் என்பார். இன்னொருவர் மாலை என்பார். தாயகத்தின் கடிகாரமே ஒன்றாக இருக்கவில்லை. 1996 மே மாதத்தில் இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளி, ஒக்ரோபரில் அரை மணி நேரம் பின்னிழுத்தது. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. ஆகவே அக்காலத்தில் வவுனியாவில் ஆறரை என்பது வன்னியில் ஆறு. அக்காலத்து நிகழ்வைக் கூறும் கணவனும் மனைவியும் அரை மணி நேரம் வேறுபட்டால், இருவரும் உண்மையே பேசியிருக்கக்கூடும். அதனை விளக்கிச் சொல்லாவிட்டால் தாளில் எஞ்சுவது முரண்பாடு மாத்திரமே.

நாம் செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. நேரம் கூறப்பட்டதும் அதனை இலக்கத்தில் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்துக. இயன்றால் எழுதி வாங்குக. கடிதம் கையில் கிடைத்த திகதியைக் கடித உறையின் மேல் அன்றே குறித்து, உறையையும் பத்திரப்படுத்துக. விசாரணையில் திகதி நினைவில் இல்லையெனில் இல்லை என்றே கூறுக. "முந்தநாள்" போன்ற சொற்களைத் தவிர்த்து, எதற்கு முன், எதற்குப் பின் என்று விளக்குக. முடிவில் பதிவு தமிழில் மீள வாசிக்கப்படும்போது களைப்பாயிருந்தாலும் நேரங்களையும் நாட்களையும் கவனித்துக் கேட்டு, பிழையிருப்பின் திருத்திய பின்னரே கையொப்பமிடுக.

எமது தமிழ்ப் பாடசாலைகளில் ஏழேகால், ஏழரை, ஏழேமுக்கால் என்று கற்பிக்கும் பாடம் ஒன்று உண்டு. அப்பாடத்தின் பக்கத்திலேயே இந்நாட்டு வழக்கையும் எழுதிக் காட்டும்படி ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோருக்குக் கடிதம் வாசித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அப்பிள்ளைகளே. இரு கணக்கும் அறிந்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், தவணை தப்பிப்போகும் வீடுகள் குறையும்.