பிழை காசிலா, கண்ணிலா?

"இந்தக் காசு செல்லாது. வேறு கொடுங்கள்!"

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் 10 ரூபாய் நாணயத்தை நீட்டியவர்கள் பலர் இதைக் கேட்டிருப்பார்கள். ஏன் என்றால், "இதில் 15 கோடு இருக்கிறது. 10 கோடு இருந்தால்தான் நிஜக் காசு" என்று பதில் வரும்.

உண்மை என்ன? 2010-ல் ரூபாய்க்குத் தனிச் சின்னம் பிறந்தது. அதை வரைந்தவர் உதயகுமார் என்ற தமிழர். 2011-ல் அந்தச் சின்னம் நாணயத்தில் ஏறியது. அத்தோடு 15 கோடு 10 ஆயிற்று. அவ்வளவுதான்! 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வதந்தி ஓய்ந்ததா? இல்லை. கடைகளில் இந்தக் காசை வாங்க மறுப்பதைக் கண்டு மனம் நொந்த தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர், 2022-ல் சுமார் 6 லட்சம் ரூபாயை 10 ரூபாய் காசுகளாகவே கொட்டிக் கார் வாங்கினார்!

அச்சு செய்யும் கோளாறு

அப்படியானால் பிழைக் காசே கிடையாதா? உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷினில் நிற்கும் தொழிலாளிக்கு இது சட்டென்று விளங்கும். உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து ஓங்கி அழுத்தினால் நாணயம். வில்லை விலகினால் படம் ஓரமாக ஒதுங்கிவிடும். அச்சின் பள்ளத்தில் அழுக்கு அடைத்தால் எழுத்து மங்கும். அச்சில் விரிசல் விட்டால் அதற்குள் உலோகம் புகுந்து, காசின்மேல் மேடாக ஒரு கோடு எழும். கோடு பள்ளமாக இருக்கிறதா? அது யாரோ ஆணியால் கீறியது!

இன்னொரு வேடிக்கை. அடித்த காசு சில சமயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வில்லை அதன்மேல் அழுந்தும். அந்தக் காசில் இரு பக்கமும் ஒரே படம். ஒரு பக்கம் சரியாக இருக்கும். மறுபக்கம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாக இருக்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காசை மேலும் கீழும் இரு விரலால் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கமும் நேராக நிற்கவேண்டும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பியிருக்கிறது. ஆண்டுக்குக் கீழே உள்ள புள்ளியைப் பிழை என்று எண்ணவேண்டாம். புள்ளி நொய்டா நாணயச்சாலையின் அடையாளம். நட்சத்திரம் ஐதராபாத்துக்கு, வைர வடிவம் மும்பைக்கு. கொல்கத்தாவுக்குக் குறியே இல்லை.

லட்ச ரூபாய் ஆசை

நிஜமான பிழைக் காசுக்கு, சேகரிப்பவர்கள் முகமதிப்புக்கு மேல் விலை கொடுப்பதுண்டு. இந்த ஆசையில்தான் தூண்டில் விழுகிறது. "உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம். முதலில் கமிஷன் கட்டுங்கள்" என்று செல்போனில் குரல் வரும். காசை வாங்க வந்தவன் நம்மிடம் எதற்குப் பணம் கேட்கிறான்? சிலர் ரிசர்வ் வங்கியின் பெயரையே சொல்லிக் கட்டணமும் வரியும் கறந்தார்கள். இப்படிப்பட்ட வியாபாரம் எதிலும் தான் ஈடுபடவில்லை, யாருக்கும் அதற்கு அதிகாரம் கொடுக்கவுமில்லை என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கி எச்சரித்தது.