இணை மாறும் கரிமமும் இடம் மாறும் எழுத்தும்

தமிழில் பாட்டும் உரையும் எழுதலாம். உயர்வேதியியல் எழுத இயலாது என்பார் தமிழரிடையே இன்றும் உளர். அப்பேச்சு பிற இடங்களில் எழுந்தால் பொறுக்கலாம். பல்லாவரத்திலும் தாம்பரத்திலும் எழலாமோ? மறைமலையடிகள் 1911-இல் குடியேறி, 1916-இல் தனித்தமிழ்க் கொள்கையை நாட்டிய ஊர் பல்லாவரம். அவர் முன்னர்த் தமிழ் கற்பித்த கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தது. இரண்டுக்கும் இடையே, குரோமிய மாழையின் உப்பால் தோல் பதனிட்ட நிறுவனத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டு குரோம்பேட்டை நிற்கிறது. தனித்தமிழும் வேதியியலும் அண்டை வீட்டாராய் வாழும் நிலம் இது.

அவர்கள் மிகக் கடிதென்று காட்டக்கூடிய ஒன்றையே எடுத்துக்கொள்க. 2005-ஆம் ஆண்டு வேதியியல் நோபெல் பரிசு சோவேன், கிரப்சு, சிராக்கு ஆகிய மூவர்க்கு வழங்கப்பட்டது. எதற்காக?

கரிம அணுக்கள் வளையமாய்ப் பிணைந்திருக்கின்றன. அவ்வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பும் உண்டு. வளைத்துக் கட்டிய மூங்கில் நிமிரத் துடிப்பதுபோல, நெருக்குண்ட அவ்வளையமும் திறக்கவே முனைகிறது. அதற்கு வழிவிடுவது உருத்தேனியம் என்னும் மாழையாலான வினையூக்கி. மாழையணு ஒரு கரிமத்தோடு இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்கிறது. வளையத்தின் இரட்டைப் பிணைப்பு நெருங்கியதும் நான்கு அணுக்களும் கூடிச் சிறு வளையமாகின்றன. பிரியும்போது இணை மாறிவிடுகிறது. கோலாட்டம் ஆடும் மகளிர் இணை மாற்றிக் கோலடிப்பதை எண்ணினால் போதும். திறந்த வளையம் தொடரின் ஒரு கண்ணியாகிறது. அதன் முனையில் மாழை மீண்டும் கைநீட்டி அடுத்த வளையத்தை ஏற்கிறது. இரட்டைப் பிணைப்பும் அழிவதில்லை. கண்ணிதோறும் ஒன்று எஞ்சி நிற்கிறது. இவ்வாறே நெடுந்தொடர்ப் பலபடி வளர்கிறது.

இவ்வினை நிகழும் முறையை 1971-இல் வகுத்துரைத்தவர் பிரெஞ்சு அறிஞர் சோவேன். சிராக்கின் மாலிப்டின, தங்சுதன வினையூக்கிகள் விரைந்து வினைபுரிவன. ஆயினும் காற்றும் ஈரமும் பட்டால் கெடுவன. கிரப்சு 1992-இல் ஆக்கிய உருத்தேனிய வினையூக்கி அவற்றைப் பெரிதும் தாங்கிற்று. ஆய்வறைகள் பலவற்றில் அது இடம்பெற்றமைக்கு இத்தாங்குதிறனே முதற் காரணம்.

மேலே சொன்னவற்றுள் எது தமிழுக்கு அடங்கவில்லை?

இவ்வினைக்கு 1967-இல் 'மெட்டாதெசிசு' என்னும் கிரேக்கச் சொல்லைச் சூட்டினர். இடம் மாற்றி வைத்தல் என்பது அதன் பொருள். வேதியியலார்க்கு மட்டும் உரிய சொல்லன்று அது. சொல்லினுள் எழுத்துகள் இடம் மாறுவதையும் மொழிநூலார் அப்பெயராலேயே குறிப்பர். விசிறி சிவிறியாவதும் தசை சதையாவதும் தமிழ்ப் புலவர்க்குப் புதியனவோ? 'இணைமாற்று வினை' என்றால் பொருள் தானே விளங்கும். 'வளையந்திறப்பு இணைமாற்றுப் பலபடியாக்கம்' என்பது ஆங்கிலத் தொடரினும் நீண்டதன்று. மாணவனுக்கு அதனினும் தெளிவானது.

உருத்தேனியத்துக்கே தனித்தமிழ்ப் பெயர் புனைய முற்படும் ஆர்வலரும் உளர். அது வேண்டாத வேலை. 1844-இல் காசான் நகரில் அதனைக் கண்ட கிளாசு, உருசிய நாட்டைக் குறிக்கும் இலத்தீனப் பெயரை அதற்கு இட்டார். ஊர்ப்பெயரை மொழிபெயர்ப்பார் இல்லை. தமிழ் ஒலிக்கேற்ப முன்னே உகரம் சேர்த்து எழுதினால் போதும்.

அமெரிக்க மருத்துவர் கிறீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 1875-இல் வேதியியல் நூலொன்றையும் தமிழில் தந்தார். அதற்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிட்டது குறையே. ஆனால் பெயரில் குறைவைத்த அயலார் நூலைத் தந்தார். பெயரில் குறை காணும் தமிழர் நூலைத் தரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புவரை வேதியியலுக்குத் தமிழ்ப் பாடநூல் உண்டு. பலபடி, வினையூக்கி, பிணைப்பு என்னும் சொற்களோடு வரும் மாணவன் கல்லூரி வாயிலில் அவற்றைச் செருப்பென வெளியே கழற்றி வைக்கிறான். அறிந்த பொருளையே அறியாதவன்போல் அங்கு மீண்டும் தொடங்குகிறான். மொழி தடுக்கியதை அறிவு தடுக்கியதாக எண்ணித் துறையையே விட்டு விலகுவாரும் உண்டு. புலவர்கள் மட்டும் கூடிச் சொற்பட்டியல் அச்சிடுவதால் இது தீராது. தாம்பரத்து வேதியியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் தாம் நடத்தும் பாடத்தில் ஓர் இயலையேனும் இவ்வாண்டு தமிழில் எழுதித் தம் மாணவர் கையில் கொடுப்பாராக. சொல் தட்டுப்படும் இடத்தில் புலவரை அழைக்கட்டும்.