படம் பார், மார்க் வாங்கு!

ஆறாம் வகுப்பு வரலாற்றுப் பாடம். சிந்துவெளி நாகரிகம். புத்தகத்தில் நடன மங்கையின் படம். "இது என்ன?" என்று கேட்டால் வகுப்பே கோரஸாகப் பதில் சொல்லும். "இது எவ்வளவு உயரம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆளுயரம் என்பான் ஒருவன். கோயில் சிலை அளவு என்பாள் இன்னொருத்தி. உண்மையில் அந்த வெண்கலச் சிலையின் உயரம் சுமார் 10.5 செ.மீ. தான். ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் 15 செ.மீ. ஸ்கேலை விடக் குட்டை!

பிள்ளைகள் மேல் தப்பே இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல். சிந்துவெளி முத்திரை பெரும்பாலும் தீப்பெட்டியை விடச் சின்னது. புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே சைஸ் கட்டம். கீழே ஒரு பெயர். பரீட்சையில் "படத்தை அடையாளம் காண்க". முடிந்தது கதை. இதற்குப் பெயர் படம் வைத்துப் பாடம் நடத்துவதா?

இன்னொரு கூத்தும் உண்டு. திருவள்ளுவர் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் 20ஆம் நூற்றாண்டில் கற்பனையில் வரைந்தது. தவறில்லை, நல்ல ஓவியம். ஆனால் மண்ணுக்கடியிலிருந்து எடுத்த பொருளின் போட்டோவும், ஓவியர் மனசிலிருந்து எடுத்த உருவமும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. எது ஆதாரம், எது கற்பனை என்று யாராவது பிரித்துச் சொல்கிறார்களா?

பி.காம். படிக்கிற யாருக்கும் இது சட்டென்று புரியும். வவுச்சர் இல்லாமல் ஒரு செலவை எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? பில் எங்கே, தேதி என்ன, யார் கொடுத்தது என்று குடைந்து எடுத்துவிடுவார். வரலாற்றில் தொல்பொருள்தான் வவுச்சர். அந்த வவுச்சரை பைலில் அலங்காரமாக ஒட்டிவிட்டு, கணக்கை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். கொடுமை!

அதே முத்திரையை வேறு மாதிரி காட்டலாம். முதலில் அளவைச் சொல்லி, அட்டையில் வெட்டிக் கையில் கொடுக்க வேண்டும். பிறகு, "இவ்வளவு சின்னதில் ஏன் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்கினார்கள்?" என்று கேட்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை "ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி!" என்று கத்தும். அவ்வளவுதான், பாடம் ஆரம்பித்துவிட்டது. லோத்தலில் கிடைத்த களிமண் முத்திரைப் பதிவுகளின் பின்பக்கத்தில் கயிறு, துணியின் தடங்கள் இருக்கின்றன. அதாவது சரக்கு மூட்டைக்கு வைத்த சீல். இன்றைய பார்சல் ஆபீஸ் வேலைதான்!

சரி, இது எல்லா ஊருக்கும் பொது. சிக்கல் மாதிரி ஊருக்கு என்ன தனிக்கவலை?

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்றால் எந்த மாவட்டம் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ராமநாதபுரம் என்றாலே தண்டனை! சிக்கலில் வளரும் பிள்ளையும் இதைக் கேட்டுத்தான் வளர்கிறது. பாடத்தில் வருவதோ மொகஞ்சதாரோ, டெல்லி, தஞ்சாவூர். வரலாறு எல்லாம் வேறு எங்கோ நடந்தது, நம்ம ஊரில் கருவேலம் மட்டும்தான் என்று முடிவு கட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் இதே மாவட்டத்தில்தான் அழகன்குளம் இருக்கிறது, வைகை கடலில் சேரும் இடத்தருகே. தமிழ்நாடு தொல்லியல் துறை 1986இல் தொடங்கி பல கட்டங்களாக அங்கே தோண்டியது. ரோமானியக் காசு, மது ஜாடியின் ஓடுகள், தமிழ் பிராமி எழுத்துள்ள ஓடுகள் கிடைத்தன. கப்பல் உருவம் கீறிய ஒரு பானை ஓடும் கிடைத்தது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் உலகமே சரக்கோடு வந்து நின்ற கரை இது! தண்ணியில்லாக் காடாம்!

அந்தக் கப்பல் ஓட்டின் படத்தைச் சிக்கல் பிள்ளைக்குக் காட்டி, "இதைக் கீறியவன் எதைப் பார்த்திருப்பான்?" என்று கேட்டால் போதும். கடலோர மாவட்டத்துப் பிள்ளைகள். பாய்மரம், கயிறு என்று டீச்சருக்கே பாடம் எடுப்பார்கள்.

உடனே ஒரு பதில் வரும். "புரொஜெக்டர் இல்லை, போர்ஷன் முடிக்கணும், நேரமில்லை." 2010இல் பிபிசி வானொலி நூறு பொருட்களை வைத்து உலக வரலாறு சொன்னது. சிந்துவெளி முத்திரையும் அதில் ஒன்று. வானொலி! படமே கிடையாது. சரியான கேள்வி இருந்ததால் கேட்டவர்கள் பார்த்தார்கள். 2018க்குப் பிறகு வந்த நம் பாடநூல்களில் கலர் படமும் க்யூஆர் கோடும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் கலர் கூடினால் கேள்வி தானாக வந்துவிடுமா?

தேவை பெரிய பட்ஜெட் இல்லை. மாவட்டத்துக்குப் பத்து அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு தொல்பொருளின் போட்டோ, பக்கத்தில் ஒரு ஸ்கேல். எங்கே கிடைத்தது, எந்த வருஷம், இப்போது எங்கே இருக்கிறது, கூடவே விடை எழுதாத ஒரு கேள்வி. "இப்போது எங்கே" என்பது முக்கியம். ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. ஏன் போயின என்று ஒரு பிள்ளை கேட்டால், காலனி ஆட்சி பாடம் பாதி முடிந்த மாதிரி.

அதோடு வருஷத்துக்கு ஒரு முறை ராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துக்கு ஒரு பஸ். சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்களில் வெள்ளைக்காரர்கள் வந்து நிற்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும்.

படத்தை அடையாளம் கண்டால் ஒரு மார்க். சொந்த மண்ணை அடையாளம் கண்டால்? அதற்கு எந்த வினாத்தாளிலும் இடமில்லை. அதுதான் பிரச்சினை.