செருப்பும் மருந்துக் கணக்கில் சேர வேண்டும்

நீரிழிவு நோயாளி உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் மாதத் தொடக்கத்தில் ஒரு கணக்குப் போடுகிறது. மாத்திரைக்கு இவ்வளவு, இன்சுலினுக்கு இவ்வளவு, இரத்தப் பரிசோதனைக்கு இவ்வளவு, மருத்துவமனைக்கு வந்து செல்லும் பேருந்துக்கு இவ்வளவு. அந்தக் கணக்கில் செருப்புக்கு இடம் இருப்பதில்லை. செருப்பு என்பது தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வாங்கும் பொருள்; அறுந்தால் மாற்றும் பொருள்; எல்லாச் செலவும் போகக் கையில் ஏதேனும் மிஞ்சினால் நினைவுக்கு வரும் பொருள்.

பாதத்தில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளிக்கு இந்த வழக்கம் கேடு விளைவிக்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவருடைய செருப்பு மருந்தோடு சேர்த்து எண்ணத்தக்கது. மருந்துக்கு ஒதுக்கும் பணத்திலிருந்தே அதற்கும் ஒதுக்க வேண்டும். வசதி குறைந்த குடும்பங்களுக்கே இது மிகவும் பொருந்தும். பாதத்தில் ஒரு புண் வந்துவிட்டால், கட்டு மாற்றும் செலவு, நோயாளி இழக்கும் கூலி, உடன் வருபவர் இழக்கும் கூலி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் இழப்புகளைத் தாங்கும் வலு அக்குடும்பங்களுக்கு இல்லை. அப்புண் ஆழ்ந்து விரலையோ காலையோ இழக்க நேர்ந்தால், அதனை எந்தக் கணக்கிலும் ஈடுசெய்ய இயலாது.

பல ஆண்டுகள் இரத்தச் சர்க்கரை மிகுந்தே இருந்தால் பாதத்து நரம்புகள் மெல்ல நலிவடைகின்றன. உணர்ச்சி உள்ளவர் காலில் சிறு கல் உறுத்தினால் நின்று அதனை எடுத்து எறிகிறார். புதுச் செருப்பு கடித்தால் கழற்றி வைக்கிறார். வலி அவருக்குக் காவலாக இருக்கிறது. நரம்பு நலிந்தவருக்கு அந்தக் காவல் இல்லை. செருப்புக்குள் கிடக்கும் கல்லோடு அவர் நாள் முழுவதும் நடப்பார். மாலையில் வீட்டுத் தரையில் இரத்தக் கறையைக் கண்ட பின்னரே காலில் காயம் இருப்பதை அறிவார்.

இதில் பலரும் அறியாத ஓர் இடர் உண்டு. உணர்ச்சி குன்றியவர் செருப்புக் கடைக்குச் சென்றால், சரியான அளவுள்ள செருப்பு அவருக்குத் தளர்வாக இருப்பதுபோல் தோன்றும். இறுக்கிப் பிடிக்கும் சிறிய அளவே காலில் இருப்பதாகத் தெரியும். அதனையே பொருத்தமானது என்று எண்ணி வாங்கி வருவார். எனவே, “போட்டால் வலிக்கவில்லை” என்னும் சொல்லை அவர் திறத்தில் சான்றாகக் கொள்ளலாகாது. அவருடைய பாதம் சொல்ல மறந்ததை அளவுகோலும், உடன் செல்பவரின் கண்ணும் கையுமே சொல்ல வேண்டும்.

இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்பித்ததில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. 1914-ஆம் ஆண்டு கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்ச்சி இழந்த உறுப்பில் கவனிக்கப்படாமல் மீண்டும் மீண்டும் ஏற்படும் காயங்களே பெரும்பான்மையான சிதைவுக்குக் காரணம் என்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் எடுத்துக்காட்டினர். காயத்தைத் தடுத்தால் பாதத்தைக் காக்கலாம் என்றால், தடுக்கும் முதற் கருவி செருப்பே. நுண்துளைகள் கொண்ட மென்மையான இரப்பரால் ஆன எம்.சி.ஆர். செருப்பு அவ்வழியில் இங்கே பரவியது. பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றியபோது, அதே அறிவு நீரிழிவு நோயாளரின் பாதங்களுக்கும் பயன்படுவதை அவர் எடுத்துரைத்தார். இன்று இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டுள்ளது. எளிய அந்தச் செருப்பின் தேவை குறையவில்லை; பெருகியுள்ளது.

ஆயினும் நீரிழிவு உள்ள அனைவரும் தனிச்சிறப்பான செருப்பு வாங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. பணத்தை மிச்சப்படுத்தும் முதற்படி, தம் பாதத்தின் நிலையை அறிவதே. 10 கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டும், அதிரும் இசைக்கவையைக் கால்விரலில் வைத்தும் உணர்ச்சியைச் சோதிப்பார்கள். பாதத்தின் நாடித்துடிப்பையும் தொட்டுப் பார்ப்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையேனும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் நன்றாக இருந்து, பாதத்தின் வடிவமும் மாறாமல் இருந்தால், அளவு பொருந்திய சாதாரணச் செருப்பே போதும். “சர்க்கரை நோயாளிக்கு உரியது” என்னும் அட்டையைக் காட்டிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

உணர்ச்சி குன்றியிருப்பது தெரிந்தால், குறைந்த பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதே கேள்வி. செருப்பின் விலையில் ஒரு பகுதி பெயருக்கும் பளபளப்புக்கும் போகிறது. அவற்றால் பாதத்துக்குப் பயன் இல்லை. தோலால் ஆனதா, செயற்கைத் துணியால் ஆனதா என்பதும் இரண்டாம் நிலைக் கேள்வியே. நம் பணம் மூன்றுக்குப் போகட்டும்: மென்மையான உள்தளம், உறுதியான அடித்தளம், குதிகாலைப் பிடிக்கும் பின்பட்டை.

உள்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்க வேண்டும், விரலை எடுத்ததும் மீண்டும் எழ வேண்டும். அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால், சில வாரங்களில் அது வெறும் தகடாகிவிடும். மென்மை மட்டும் இருந்தாலும் போதாது. மென்மையான இரப்பரை முள்ளும் ஆணியும் எளிதில் துளைத்துவிடும். ஆகவே அதன் கீழே கடினமான அடித்தளம் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பின்பட்டை இல்லாத செருப்பு காலிலிருந்து நழுவினாலும் உணர்ச்சி குன்றியவருக்குத் தெரியாது. ஹவாய் செருப்பை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதற் காரணம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வரும் அதன் வார் அந்த மெல்லிய தோலை உரசிப் புண்ணாக்குவது இரண்டாம் காரணம். முன்பட்டையும் பின்பட்டையும் வெல்க்ரோவால் தளர்த்தி இறுக்கத்தக்கவையாக இருந்தால், கால் வீங்கும் நாளிலும் அதே செருப்பு உதவும்.

அளவைப் பொறுத்தவரை, வெளியூரில் வேலை பார்க்கும் மகன் “அப்பாவுக்கு எட்டாம் எண்தானே” என்று நினைவிலிருந்தே வாங்கி வரும் அன்புப் பரிசுதான் பல வேளைகளில் இடரைக் கொண்டுவருகிறது. நரம்பு நலிந்த பாதத்தில் விரல்கள் வளையலாம், முன்பாதம் அகலலாம், பழைய எண் பொருந்தாமல் போகலாம். செருப்பு வாங்கும்போது கால் கடைக்குப் போக வேண்டும். அது இயலாதபோது, நோயாளியை ஒரு தாளின்மேல் நிற்கவைத்து, இரு பாதங்களையும் சுற்றிப் பென்சிலால் கோடு வரைந்து, அத்தாளை வெட்டி எடுத்துச் செல்லுங்கள். உட்கார்ந்த நிலையில் வரைந்தால் அளவு குறைந்துவிடும். நாள் முழுவதும் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். ஆகவே அளவெடுப்பதும் வாங்குவதும் மாலையில் நிகழட்டும். இரு பாதங்களுள் பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள். மூடிய காலணியானால், உட்புற நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். விரல்களின் மேற்பகுதி துணியில் இடிக்கக் கூடாது. திறந்த செருப்பானால், எந்த விரலும் குதிகாலும் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

வாங்கிய அன்றே அதனை அணிந்து திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ செல்லாதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் அரைமணி நேரம் நடக்கட்டும். பிறகு கழற்றி, உடன் இருப்பவர் பாதத்தின் மேலும் கீழும் விரலிடுக்கிலும் பார்க்கட்டும். எங்கேனும் சிவப்பு தோன்றி அரைமணி நேரத்துக்குப் பின்னும் மறையாதிருந்தால், அச்செருப்பு அக்காலுக்கு உரியதன்று. தடம் ஒன்றும் இல்லையெனில் நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். வாங்கும்போதே, பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நான் அடிக்கடி கேட்கும் இரண்டு தடைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது, “இது நோயாளிச் செருப்பு, பார்ப்பவர்கள் வேறு நோய் என்று எண்ணுவார்கள்” என்பது. தொழுநோயின்மீது சமூகம் சுமத்திய இழிவு அச்செருப்பின்மேலும் படிந்ததால் வந்த கூச்சம் இது. அந்த இழிவே நியாயமற்றது என்பது ஒருபுறம் இருக்க, இன்று எம்.சி.ஆர். உள்தளம் கொண்ட செருப்புகள் கடைகளில் பல வடிவங்களில் கிடைக்கின்றன. வடிவத்தை நோயாளியே தேர்ந்தெடுக்கட்டும். அவருக்குப் பிடிக்காத செருப்பு வாசலிலேயே கிடக்கும். வாசலில் கிடக்கும் செருப்பு யாரையும் காக்காது.

இரண்டாவது, வீட்டுக்குள் செருப்பணிவது நம் வழக்கம் அன்று என்பது. அவ்வழக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் வீட்டிலேயே மிகுதியாக நடப்பவருக்குக் காயமும் வீட்டிலேயே நேர்கிறது; கதவு விளிம்பும் கட்டிற்காலும் சிதறிய கண்ணாடித் துண்டும் தெருவில் மட்டும் இருப்பவை அல்ல. தெரு மண் படாத இன்னொரு இணையை வீட்டுக்கென வைத்துக்கொண்டால் வழக்கத்தின் தூய்மையும் கெடாது, பாதமும் கெடாது. ஒரே நேரத்தில் இரண்டு இணை வாங்க இயலாதெனில், விலை மிகுந்த ஒன்றுக்குப் பதிலாக எளிய, பொருத்தமான இரண்டை அடுத்தடுத்த மாதங்களில் வாங்கலாம் என்பது என் கருத்து. அதுவரை ஒரே இணையின் அடியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குள்ளும் அணியலாம். வெயிலில் காய்ந்த கற்றளம் உள்ள கோயில்களுக்குக் காலை வேளையிலேயே செல்லுங்கள். உணர்ச்சி குன்றிய பாதம் சுடுவதை அறியாமலே கொப்புளித்துவிடும்.

பணக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்ப்போம். ஓர் இணை 900 ரூபாய் என்றும், அது ஒன்பது மாதம் உழைக்கிறது என்றும் கொள்வோம். மாதம் 100 ரூபாய் ஆகிறது. அந்த 100 ரூபாயை மாத்திரைச் செலவோடு சேர்த்து ஒவ்வொரு மாதமும் தனியே எடுத்து வைத்தால், உள்தளம் தட்டையாகும் நாளில் புதியதற்குப் பணம் ஆயத்தமாக இருக்கும். செருப்பு கிழியாமல் இருப்பதாலேயே நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. உள்தளம் அமுங்கி மீளாதபோதே அதன் மருத்துவப் பயன் முடிந்துவிட்டது. பட்டை அறுந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுங்கள். ஆனால் ஆணி அடிக்க வேண்டாம், தைத்தும் பசையால் ஒட்டியும் தருமாறு கேளுங்கள். வாங்கி வந்ததும் உட்புறம் முழுவதும் விரலால் தடவிப் பாருங்கள். அணியும் ஒவ்வொரு முறையும் செருப்பை உதறி, உள்ளே கைவிட்டுப் பார்ப்பதற்குக் காசு ஒன்றும் செலவில்லை.

சிலர் செருப்புக் கடைக்குச் செல்லும் முன் மருத்துவரிடம் வந்தாக வேண்டும். பாதத்தில் புண் இருப்பவர், முன்பு புண் வந்து ஆறியவர், விரல் அகற்றப்பட்டவர், பாதத்தின் வடிவம் மாறியவர் ஆகியோருக்குக் கடைச் செருப்பு போதாது. அளவெடுத்துச் செய்ய வேண்டியிருக்கலாம். ஒரு பாதம் மட்டும் திடீரெனச் சிவந்து, வெப்பமாகி, வீங்கினால், வலி இல்லை என்பதால் காத்திருக்கலாகாது. எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கத் தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

குடும்பத்தாருக்கு இவ்வளவு சொல்லிவிட்டு மருத்துவத் துறையினராகிய எங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவது முறையன்று. தொழுநோயால் பாதம் உணர்ச்சியிழந்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பை அரசின் தேசியத் திட்டம் விலையின்றி வழங்குகிறது. செருப்பும் மருத்துவமே என்னும் கொள்கை நம் நாட்டில் ஏற்கெனவே ஏற்கப்பட்டதுதான் என்பதற்கு அது சான்று. நீரிழிவால் அதே நிலையை அடைந்தவரின் மருந்துச் சீட்டிலும், மாத்திரைகளுக்குக் கீழே செருப்பின் வகையும் அளவும் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த முறை வரும்போது, செருப்பையும் காலுறையையும் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள், அணிந்து வந்த செருப்பையும் மேசையருகே வைத்து, “இது எனக்கு ஏற்றதா?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குவது எங்கள் கடமை.