கொழுந்துக்குத் தராசு உண்டு, பெற்றோருக்கு?



தினமும் இரண்டு மூன்று தடவை நம் கொழுந்து நிறுக்கப்படுகிறது. ஒரு கிலோ குறைத்து எழுதினாலும் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதே மலையில் ஆயுள் முழுக்கக் கூடை சுமந்து, இன்று லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஐந்து கிலோ குறைந்தாலும் நாம் கேட்பதில்லை. "வயசு போனா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம்.

வயது போகப் போகச் சதை மெல்லக் குறையும். சில மாதங்களில் ஆள் உருக்குலைவது வேறு. மெலிய வேண்டும் என்று நினைக்காத ஒருவர், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் நூற்றுக்கு 5 பங்கு எடை குறைந்தால் அவரை வைத்தியரிடம் காட்ட வேண்டும். 40 கிலோ உள்ளவருக்கு அது வெறும் 2 கிலோ.

வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. வளையல் முழங்கை வரை ஏறுகிறதா? சட்டை தொளதொளக்கிறதா? நெற்றிப்பொட்டும் கன்னமும் குழி விழுந்துள்ளனவா? கை ஊன்றாமல் எழும்ப முடியவில்லையா? ரொட்டியைப் பாதியில் வைத்துவிடுகிறாரா? கால் வீங்கியிருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். இருதய, சிறுநீரக நோய்களில் தேங்கும் நீர், சதை கரைவதை மறைத்துவிடும்.

காரணங்கள் பல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இரவில் வியர்வையும் இருந்தால் காசநோயா என்று சளியைப் பரிசோதிக்க வேண்டும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம் என்றால் சீனி வியாதியாக இருக்கலாம். வெற்றிலை, புகையிலை போடுபவரின் வாயில் ஆறாத புண்ணோ வெள்ளை, சிவப்புத் தழும்போ இருந்தால், விழுங்கக் கஷ்டப்பட்டால், புற்றுநோயா என்று உடனே பார்க்க வேண்டும். துணையை இழந்த கவலையும், பல் இல்லாததும், சில மருந்துகளும்கூடப் பசியைக் கெடுக்கும்.

இவற்றில் பல குணமாகக்கூடியவை. காசநோய்க்கு அரசாங்க வைத்தியசாலைகளிலும் மார்பு நோய் சிகிச்சை நிலையங்களிலும் மருந்து இலவசம். வழக்கமாக ஆறு மாதம் தவறாமல் எடுத்தால் குணமாகும். முட்டை, பருப்பு, நெத்தலி என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுப்பது நல்லதே. ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் டொனிக் போத்தல்களுக்குக் காசு செலவழிப்பதால் பயனில்லை.

பெரியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளையின் ஒரு நாள் பேர் போய்விடுமே, வேன் கூலிக்குக் கடன் படவேண்டுமே என்று மறைப்பார்கள். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போதுதான் திடுக்கிடுகிறார்கள். அதற்குள் நோய் முற்றிவிடுகிறது.

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. பேர் பதிவில் இல்லாத முதியவர்களையும் தோட்ட டிஸ்பென்சரியில் மாதம் ஒரு தடவை நிறுத்து, எடையை அவர்களுடைய கிளினிக் கொப்பியில் எழுத வேண்டும். எடை குறைந்தவரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப நிர்வாகம் வாகனம் தரவேண்டும். கூடப் போகும் பிள்ளையின் பேரை வெட்டக்கூடாது. தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் இதை அடுத்த பேச்சுவார்த்தையிலேயே எழுப்ப வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிறு உங்கள் அப்பாவின் கையைப் பிடித்துப் பாருங்கள். போன வருடம் இருந்த கைதானா அது?